வெளியில் கிடைக்கும் கல்லில் கத்தி தீட்டுவது: கல் பொறுக்குவது முதல் பிசிர் எடுப்பது வரை

ஆற்றங்கரையிலும் வயல் வரப்பிலும் கிடைக்கும் கல்லை வைத்தே, அழுத்தாமல் தக்காளித் தோலில் இறங்கும் அளவுக்குக் கத்தியைத் தீட்டலாம். ஆனால் புதிதாக முயல்பவர்களில் பெரும்பாலோர் தீட்டும்போது தடுமாறுவதில்லை. அதற்கு முன்பே தடுமாறிவிடுகிறார்கள். கைக்கு வழவழப்பாக இருக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்து, கழுவி, உடனே கத்தியை வைத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறார்கள். அது இரும்பை அறுக்கும் கல்தானா என்று பார்ப்பதில்லை, மேற்பரப்பைச் சமப்படுத்துவதும் இல்லை. அரை மணி நேரம் கழித்துக் கத்தி முன்பைவிட மழுங்கியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கத்தியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கல் சோதனைக்கு: ஒரு பழைய கண்ணாடி பாட்டில், அரை எலுமிச்சம்பழம், தேவைப்படாத ஒரு பழைய கத்தி.

சமப்படுத்த: இரண்டு படி எம்-சாண்ட், அடுப்புக்கரி அல்லது பென்சில், ஒரு ஸ்டீல் ஸ்கேல், தண்ணீர் வாளி. எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்து அரைத்த மணல், அதனால் அதன் மணிகளுக்குக் கூரான மூலைகள் இருக்கும். ஆற்று மணல் உருண்டு உருண்டு மூலை மழுங்கியது, வேலை மெதுவாகத்தான் நடக்கும். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு பை எம்-சாண்ட் தருவார்கள்.

தீட்ட: ஒரு மார்க்கர் பேனா, தடிமனான ஈரத்துணி, பழைய தோல் பெல்ட், செய்தித்தாள்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்லை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நாம் தேடும் தீட்டுக்கல் எதுவானாலும் அதில் சிலிக்கா, அதாவது மணலின் முக்கியப் பொருள், இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. கல்குவாரித் தொழிலாளர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய் அதனால்தான் வருகிறது. எப்போதும் தண்ணீர் ஊற்றியே தேய்க்க வேண்டும். கொட்டிய சேற்றையும் காய்வதற்கு முன்பே கழுவிவிட வேண்டும்.

2. எந்தக் கல் இரும்பை அறுக்கும்

கல்லின் மணி கத்தியின் எஃகைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வைக்கும் மோஸ் அளவுகோலில் சமையலறைக் கத்தியின் எஃகு 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் வரும். குவார்ட்ஸ், அதாவது நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் கல், 7. கருங்கல்லில் இருக்கும் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் 6. காக்காப்பொன் 3-ஐத் தாண்டாது. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் 3. மாக்கல் 1-க்குப் பக்கத்தில். ஆகவே நாம் தேடுவது குவார்ட்ஸ் நிறைந்த கல்.

இதை அறியாமல் வீணாகும் உழைப்புக்கு நல்ல உதாரணம் கடப்பா கல். சமமாக இருக்கும், கறுப்பாக இருக்கும், பழைய வீடுகளில் துண்டு துண்டாகக் கிடக்கும். பார்த்தவுடன் தீட்டுக்கல் போலவே தோன்றும். ஆனால் அது சுண்ணாம்புக்கல். அதில் கத்தி தேயாது, கல்தான் தேயும்.

அடுத்து, குவார்ட்ஸ் உள்ள கற்களிலேயே இரண்டு குணம் உண்டு. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் பின்னால் வரும் படிகள் புரியும்.

மணற்கல் மணி உதிர்க்கும் கல். தேய்க்கத் தேய்க்கப் பழைய மணி விழுந்து புது மணியின் மூலை மேலே வரும். அதனால் கல்லின் மணி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு ஆழமான கீறல்தான் கத்தியில் விழும். மணற்கல்லின் மணி 0.06 மில்லிமீட்டரில் தொடங்கி 2 மில்லிமீட்டர் வரை போகலாம். கண்ணுக்கு மணி தனித்தனியாகத் தெரிந்தால் அது மண்வெட்டிக்கும் கோடரிக்குமான கல். மணலைவிட நுண்ணிய வண்டல் இறுகி உண்டான கல் கிடைத்தால், அது சமையலறைக் கத்திக்கு அருமையான கல்.

கருங்கல்லும், மணற்கல் பூமிக்குள் இறுகி உருமாறிய குவார்ட்சைட்டும் மணி உதிர்க்காதவை. உள்ளே படிகங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். இவற்றில் மணியின் அளவு முக்கியமே இல்லை. மேற்பரப்பை நாம் எவ்வளவு சொரசொரப்பாக விட்டு வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். ஒரே கல்லின் ஒரு முகத்தைச் சொரசொரப்பாகவும் மறு முகத்தை நைசாகவும் ஆக்கி வைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால், பயன்படுத்தப் பயன்படுத்த மேற்பரப்பு வழவழத்து வேலை செய்யாமல் போகும். அவ்வப்போது எம்-சாண்ட் போட்டுத் தேய்த்து எழுப்ப வேண்டியிருக்கும்.

கருங்கல்லில் ஒரு எச்சரிக்கை: அதில் காக்காப்பொன் பட்டை பட்டையாக மினுங்கினால் விட்டுவிடுங்கள். அந்த இடங்கள் மட்டும் சீக்கிரம் குழிந்துவிடும்.

3. எங்கே பொறுக்கலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கருங்கல் நாடு. காவிரி, பவானி, தாமிரபரணிப் படுகைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கருங்கல் வகைகளும் வெங்கச்சங்கல்லும்தான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருநீலக் கல்லான சார்னோக்கைட்டும் இதே இனம். மணற்கல் வேண்டுமென்றால் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் வட்டாரத்தில் தேடலாம். ஆனால் அங்கே பல இடங்களில் கல் இளகி, கையால் தேய்த்தாலே உதிரும். கெட்டியான துண்டு கிடைக்கும் வரை பொறுமை வேண்டும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் கலந்தே கிடக்கும். நான்காம் படியில் வரும் சோதனைக்கு எலுமிச்சம்பழம் இல்லாமல் போகாதீர்கள். சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் உருண்டையான குவார்ட்சைட் கற்கள் நிறைய உண்டு.

அந்தப் பகுதியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூண்டி, அத்திரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் ஆதிமனிதர்கள் கருவிகள் செய்தது இதே குவார்ட்சைட்டில்தான். இரண்டு பக்கமும் செதில் செதிலாகப் பெயர்த்து, ஒரு முனை கூராக, கையில் அடங்கும் கல்லைப் பார்த்தால் எடுக்காதீர்கள். அது கைக்கோடரியாக இருக்கலாம்; கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு மதிப்பு. திருவக்கரையின் கல்மரத் துண்டுகளும் அப்படியே. சிலிக்கா ஏறி இறுகிய மரம், தீட்டுவதற்கு ஆசை காட்டும். அது பாதுகாக்கப்பட்ட இடம், தொடக் கூடாது.

சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் எடுக்கக் கூடாது. கோயில் படி, கல்வெட்டுப் பாறை, ஓவியம் உள்ள குகைப் பாறை எதிலும் கத்தியை வைக்கக் கூடாது. சொந்த நிலம், தெரிந்தவர் தோட்டம், கிணறு வெட்டிய இடத்தில் குவித்துப் போட்ட கல் ஆகியவைதான் சிக்கலில்லாத இடங்கள். கிணற்றுக் குவியலை நான் முதலில் பார்ப்பேன். வெயில் படாமல் ஆழத்தில் இருந்த கல் என்பதால் மேல்தோல் சிதைந்திருக்காது.

ஆற்றில் இறங்கினால், மேலே அணை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். திறந்துவிட்ட தண்ணீர் வரும்போது மணல் திட்டில் நின்றுகொண்டு கல் தேடும் நிலை வேண்டாம்.

அளவு: குறைந்தது 12 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், இரண்டு விரல் தடிமன். ஒரு முகமாவது ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். உருண்டைக் கல்லைச் சமமாக்குவது வீண் உழைப்பு. ஆற்றில் தட்டையாகத் தேய்ந்த கல் கிடைக்கும்; அதைத் தேடுங்கள். முடிந்தால் ஒரே வகையில் மூன்று கற்கள் எடுங்கள். ஏன் மூன்று என்பது ஐந்தாம் படியில் வரும்.

4. தூக்கி வருவதற்கு முன் சோதனை

சத்தத்தில் தொடங்குங்கள். கல்லை விரல் நுனிகளில் லேசாகப் பிடித்து இன்னொரு கல்லால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. மொத்தென்றால் உள்ளே விரிசல் உண்டு, சமப்படுத்தும்போது பாதியில் பிளக்கும்.

அடுத்து, பழைய கத்தியின் முதுகை அழுத்திக் கல்லில் ஒரு கோடு இழுங்கள். கல்லில் வெள்ளையாகப் பள்ளம் விழுந்தால் கல் மென்மையானது. கறுப்பாக அல்லது சாம்பல் நிறமாக உலோகக் கோடு விழுந்தால் கல் எஃகை அறுத்திருக்கிறது. உறுதி செய்ய, கல்லின் மூலையால் பாட்டிலில் கீறுங்கள். கண்ணாடியின் கடினம் 5.5-ஐ ஒட்டி வரும். அதில் ஆழமாக, சுலபமாகக் கீறல் விழ வேண்டும். கீறலைத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். சில சமயம் கல்லின் பொடிதான் கண்ணாடியில் ஒட்டிக் கீறல் போலத் தெரியும்.

பிறகு எலுமிச்சம்பழம். உடைந்த புதிய முகத்தில் இரண்டு சொட்டு விட்டுக் காது கொடுங்கள். பொங்கினாலோ நுரைத்தாலோ சுண்ணாம்பு. மணற்கல்லும் லேசாக நுரைக்கலாம், மணிகளைப் பிணைத்திருப்பது சுண்ணாம்பாக இருந்தால். அது பரவாயில்லை, முந்தைய சோதனையில் தேறியிருந்தால் போதும்.

மணியின் நுண்மையை அறிய விரல்நகத்தைக் குறுக்கே நகர்த்துங்கள். நகம் வெள்ளைப் பொடியாகத் தேய்ந்தால் சொரசொரப்புக் கல். மெல்லிய இழுப்பு மட்டும் தெரிந்தால் நைஸ் கல். வழுக்கிக்கொண்டே போனால், கல் மணி உதிர்க்காத வகை, ஆறு அதை மெருகேற்றிவிட்டது. அதைத் தள்ள வேண்டாம், சமப்படுத்தும்போது எழுப்பிவிடலாம்.

கடைசியாகக் கல்லை நனைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உலர்ந்த கல் மறைக்கும் நரம்பு, ஓட்டை, நிறம் மாறும் பட்டை எல்லாம் ஈரத்தில் தெரியும். நரம்பு ஓடும் கல்லில் கத்தி தடுக்கும், கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், சில்லு பெயரும். செம்புறாங்கல்லை இந்தக் காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். அது முழுக்க ஓட்டை.

5. கல்லைச் சமப்படுத்துதல்

பொறுமை போவது இங்கேதான். ஆனால் பள்ளமும் மேடுமான கல்லில் கோணம் நிற்காது. கத்தி மேட்டில் ஏறும்போது ஒரு கோணம், இறங்கும்போது இன்னொரு கோணம் என்று வாய் உருண்டுவிடும். சமமான மட்டமான கல்லில் பழகாத கைகூட ஓரளவு தீட்டிவிடும்.

முகம் முழுவதும் அடுப்புக்கரியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு கைப்பிடி எம்-சாண்ட் தூவி, கல்லைக் கவிழ்த்து எட்டு போடுவதுபோல் நகர்த்துங்கள். பத்து சுற்றுக்கு ஒருமுறை கல்லைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். நம் கை எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தும், திருப்பினால் அந்தப் பிழை எல்லாப் பக்கமும் பகிர்ந்துபோகும். மணல் சத்தம் குறைந்து குழைவாகிவிட்டால் மணி உடைந்துவிட்டது. கழுவிவிட்டுப் புதிதாகத் தூவுங்கள்.

கரிக் கோடு மேட்டில் அழியும், பள்ளத்தில் நிற்கும். எல்லாக் கோடும் அழிந்தால் வேலை பெருமளவு முடிந்தது. மறுபடி கோடு போட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் தரை சமமாக இருக்காது என்பதால் கடைசிச் சமம் வேறு வழியில் வர வேண்டும். அதற்குத்தான் மூன்று கற்கள். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் ஒன்று குழியும், மற்றது அதே அளவு உப்பும். இரண்டும் பொருந்தும், ஆனால் இரண்டும் சமமில்லை. மூன்றாவது கல் இருந்தால் முதலாவதையும் இரண்டாவதையும், இரண்டாவதையும் மூன்றாவதையும், மூன்றாவதையும் முதலாவதையும் என்று மாற்றி மாற்றித் தேய்க்கலாம். மூன்று கற்களும் ஒன்றுக்கொன்று எல்லா ஜோடியிலும் பொருந்த வேண்டுமென்றால் மூன்றும் தட்டையாவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே செல்லும் கல்லையும் கீழே இருக்கும் கல்லையும் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

மூன்று கல் கிடைக்கவில்லை என்றால் கிரானைட் கடையில் வெட்டி ஒதுக்கிய பாலிஷ் துண்டைக் கேட்டு வாங்கி, அதன்மேல் தண்ணீரும் மணலும் போட்டுத் தேய்க்கலாம்.

ஸ்கேலின் விளிம்பைக் கல்லின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டங்களில். வெளிச்சம் ஊடுருவாத வரை தேய்க்க வேண்டும். மணற்கல் அரை மணி நேரத்தில் வழிக்கு வரும். குவார்ட்சைட் ஒரு மாலைப்பொழுதையே கேட்கும், இரண்டு மாலையும் கேட்கலாம்.

முடிந்ததும் நான்கு விளிம்புகளையும் சாய்வாக ஒருமுறை தேய்த்து மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பு உடைந்து வரும் சில்லு, கத்திக்கு அடியில் போய்ச் சிக்கினால் வாயில் பல் விழும், அதாவது சிறு துண்டு பெயர்ந்துவிடும்.

6. மேற்பரப்பை முடித்தல்

மணற்கல் என்றால் இந்தப் படியே தேவையில்லை, கழுவினால் போதும்.

கருங்கல், குவார்ட்சைட் என்றால் இரண்டு முகம் செய்யலாம். ஒன்றை எம்-சாண்ட் தேய்த்தபடியே விட்டுவிடுங்கள். அது சொரசொரப்பு முகம். மறு முகத்துக்கு நுண்ணிய பொடி வேண்டும். அதைக் கடையில் தேட வேண்டியதில்லை. எம்-சாண்டை வாளித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்கி விடுங்கள். நீர்மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கணக்கு வைத்து, ஒரு நிமிடம் கழித்து அந்த மேல் தண்ணீரை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்கு மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். பெரிய மணி வேகமாக இறங்கும், சிறியது மெதுவாக இறங்கும். ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 40 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டவை எல்லாம் கீழே போயிருக்கும். ஊற்றிய தண்ணீரை மறுபடி கலக்கி ஐந்து நிமிடம் விட்டு மேல் தண்ணீரைப் பிரித்தால், அதில் 20 மைக்ரானுக்கும் கீழே உள்ள பொடி மட்டுமே இருக்கும். இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றை ஈரமாகவே டப்பாவில் மூடி வையுங்கள்.

இரண்டு கற்களுக்கு நடுவே முதலில் பெரிய பொடி (ஐந்து நிமிடத்தில் அடியில் தங்கியது), நன்றாகக் கழுவியபின் சிறிய பொடி (இரவில் தெளிந்தது). நடுவில் கழுவாமல் விட்டால் ஒரே ஒரு பெரிய மணி, முடித்த முகம் முழுக்கக் கோடு போட்டுவிடும். அவசரத்துக்கு 220, பிறகு 400 எண் வாட்டர் பேப்பரும் உதவும். ஆனால் குவார்ட்சைட் அந்தத் தாளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

7. கத்தியைப் பார்ப்பது, கோணம் வைப்பது

எல்லாக் கத்திக்கும் இந்தக் கல் ஒத்துவராது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள், கொல்லர் அடித்த கத்தி, சாதாரண ஸ்டெயின்லெஸ் சமையல் கத்தி எல்லாம் சரி. வனேடியம் கலந்த விலையுயர்ந்த எஃகில் குவார்ட்ஸைவிடக் கடினமான கார்பைடு துகள்கள் இருக்கும், அதற்கு இந்தக் கல் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். பல் உள்ள கதிர் அரிவாளைக் கல்லில் தேய்த்தால் பல் போய்விடும். அதற்குக் கொல்லரிடம்தான் போக வேண்டும்.

கத்தியின் வாயை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மினுங்கும். கூரான இடம் ஒளியைத் திருப்பி அனுப்பாது. எங்கே எவ்வளவு வேலை இருக்கிறது என்று இப்போதே தெரிந்துவிடும்.

கோணத்துக்கு ஒரு சுலபமான கணக்கு. கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஒரு பக்கக் கோணம் 20 டிகிரிக்கு அருகில் வரும். நான்கில் ஒரு பங்கு என்றால் 15-க்கு அருகில். 4 சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது சுமார் 13 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி முதுகின் கீழ் வைத்து, கையில் அந்த நிலை பதியும் வரை பாருங்கள். வீட்டுக் கத்திக்கு 20 போதும். தேங்காய், எலும்பு, விறகு என்று முட்டும் அரிவாளுக்கு முதுகை இன்னும் தூக்கி, 25 முதல் 30 வரை வைக்க வேண்டும். மெல்லிய வாய் அங்கே மடங்கிவிடும்.

வாயின் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குங்கள். இரண்டு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். மை ஓரத்தில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். மேலே முதுகுப் பக்கம் அழிந்து ஓரத்தில் நின்றால் கோணம் குறைவு, இப்படியே எவ்வளவு தேய்த்தாலும் வாயைத் தொடவே போவதில்லை. புதியவர்கள் மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வராததற்கு இந்த இரண்டாவதுதான் வழக்கமான காரணம்.

8. முதல் பக்கம்: பிசிர் வரும்வரை

மடித்த ஈரத்துணியின் மேல் கல்லை வையுங்கள், நகராது. கல்லில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்தால் தேய்ந்த இரும்புத் தூள் கல்லில் ஒட்டாது. சமையல் எண்ணெய் வேண்டாம். துளைகளில் தங்கிக் கெட்டியாகும், அதன்பிறகு தண்ணீரும் ஏறாது.

வலது கையால் பிடி. இடது கையின் இரண்டு விரல் கத்தியின் தட்டையான பகுதியில், வாய்க்குச் சற்று மேலே. அழுத்தம் அந்த விரல்களுக்கு நேர் கீழேதான் வேலை செய்யும் என்பதால் அடிப்பகுதியிலிருந்து முனை வரை விரல்களைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முனை வளையும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள், இல்லையென்றால் முனை தீட்டப்படாமலே நிற்கும்.

ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தேய்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆரம்பத்திலேயே மாற்றினால் எந்தப் பக்கம் வாயை எட்டியது என்று தெரியவே தெரியாது. எட்டியதற்கு அடையாளம் பிசிர். தேயும் எஃகு மெல்லிய இதழாக மறுபக்கம் திரும்பும். கட்டைவிரலை மறுபக்கத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே இழுங்கள். விளிம்பில் ஒரு சிறு தடுப்பு தட்டுப்படும். வாயின் நீளத்தில் விரலை ஓட்டவே கூடாது. விரலுக்குத் தெரியாவிட்டால் பஞ்சை அதே திசையில் இழுத்துப் பாருங்கள், பஞ்சு இழை சிக்கும்.

பிசிர் அடியிலிருந்து முனை வரை முழு நீளத்துக்கும் வர வேண்டும். நடுவில் மட்டும் வந்தால், வராத இடத்தில் மட்டும் தொடருங்கள். மழுங்கிய கத்திக்கு இந்த ஒரு படியிலேயே பெரும்பகுதி நேரம் போகும், போகட்டும்.

அரிவாள், அரிவாள்மனை போன்ற வளைந்த வாய்க்கு இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: அரிவாளை அசையாமல் பிடித்து, கையடக்கமான கல்லை நனைத்து வாயின் மேல் நகர்த்துங்கள். விரல்கள் கல்லின் விளிம்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

9. மறுபக்கம், அப்புறம் பிசிரைக் குறைப்பது

மறுபக்கத்தையும் அதேபோலத் தேய்த்து, பிசிர் முதல் பக்கத்துக்கு வரும்வரை செய்யுங்கள். பெரும்பாலும் இது சீக்கிரம் முடியும்.

இப்போது கத்தி கூராக இருப்பதுபோலத் தோன்றும். அது பிசிரின் கூர், நாலு வெங்காயத்தில் மடங்கிவிடும். அதே கோணத்தில், அழுத்தத்தைப் பாதியாக்கி, ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து. பிறகு மூன்று மூன்று. பிறகு கத்தியின் சொந்த எடையை மட்டும் விட்டு ஒன்று ஒன்று, பத்துத் தடவை. இந்தக் கடைசி இழுப்புகளில் கல்லை மெல்லச் சீவுவதுபோல வாய் முன்னால் போகட்டும். பின்னால் இழுத்தால் பிசிர் இன்னும் நீளும்.

மலிவான ஸ்டெயின்லெஸ் கத்தியில் பிசிர் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு அங்குமிங்கும் மடங்கும். அப்போது கோணத்தை ஒரு துளி கூட்டி, பக்கத்துக்கு இரண்டு முறை மிக லேசாக இழுத்தால் வெட்டுப்பட்டுவிடும்.

10. நைஸ் முகமும் கடைசித் துடைப்பும்

கத்தியையும் கல்லையும் கழுவிவிட்டு, எட்டாம் ஒன்பதாம் படிகளை நைஸ் முகத்தில் திரும்பச் செய்யுங்கள். இந்த முறை குறைந்த அழுத்தம், சில நிமிடங்கள். முந்தைய கல் போட்ட கீறல்களை அழிப்பதுதான் நோக்கம். நைஸ் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு இல்லாத வளையத்தைப் பயன்படுத்தலாம்.

சமையலறைக்கு ரொம்பவும் நைசாக்க வேண்டாம் என்பது என் கருத்து. தக்காளி, கத்தரிக்காய், மீன் தோல் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் நறநறப்பு உள்ள வாய்தான் பிடித்து இறங்கும்.

கடைசியாகத் தோல் பெல்ட்டின் உட்புறத்தில் அல்லது பலகையில் சுற்றிய செய்தித்தாளில், முதுகு முன்னால் போகும்படி பக்கத்துக்குப் பத்து முறை இழுங்கள். பனையேறிகள் மரக்கட்டையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவித்தான் பாளை அரிவாளைத் தீட்டுகிறார்கள். ஆறாம் படியில் எடுத்த நுண்பொடியை ஈரமாகவே மென்மையான மரத்துண்டில் பூசி அதேபோலச் செய்யலாம். மரம் பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எஃகு மெருகேறும்.

11. தீட்டி முடித்ததா என்று பார்ப்பது

மறுபடி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், எங்கும் வெள்ளைக் கோடு மினுங்கக் கூடாது. செய்தித்தாளை ஒரு கையால் பிடித்துக் கத்தியின் அடியிலிருந்து முனை வரை ஓட்டுங்கள். கிழிந்தால் அந்த இடத்தில் பிசிர் மிச்சம். சிக்கிக்கொண்டு நின்றால் அங்கே சிறு பல் விழுந்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் குறித்து ஒன்பதாம் படிக்குத் திரும்புங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

சமைப்பதற்கு முன் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கல் பொடியும் இரும்புத் தூளும் வாயில் ஒட்டியிருக்கும். கார்பன் எஃகு என்றால் உடனே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

12. பாதி வழியில் மாட்டிக்கொண்டால்

கத்தி கல்லில் வழுக்குகிறது, சத்தமே இல்லை: கல் மேற்பரப்பு வழவழத்துவிட்டது. எம்-சாண்ட் போட்டு ஒரு நிமிடம் தேய்த்து எழுப்புங்கள். அழுத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல, அது வாயைத்தான் உருட்டும்.

கல் கறுத்து அடைத்துக்கொண்டது: தண்ணீர் போதவில்லை. பிரஷ் போட்டுக் கழுவுங்கள்.

வாயில் ஆழமான கீறல்கள் விழுகின்றன: கல்லில் ஒரு பெரிய மணி இருக்கிறது, அல்லது சமப்படுத்திய மணல் ஒட்டியிருக்கிறது. கழுவியும் அதே இடத்தில் கீறினால் அந்தக் கல்லை மண்வெட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பிசிர் வரவே மாட்டேன் என்கிறது: மார்க்கர் மையைத் திரும்பப் பூசிக் கோணத்தைப் பாருங்கள். கோணம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் கல் எஃகைவிட மென்மையானது, நான்காம் படியின் சோதனையில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

13. கல்லை வைத்துக்கொள்வது

பயன்படுத்தியபின் கழுவி நிழலில் காயவிடுங்கள். ஊறிய கல்லை நேரடி வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால், அடுக்கடுக்கான கல் பிரிந்துவிடும். தண்ணீரிலேயே போட்டு வைப்பதும் வேண்டாம், மணற்கல்லின் பிணைப்பு இளகும்.

நடுப்பகுதிதான் எப்போதும் முதலில் குழியும். மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரிய ஆரம்பித்தவுடன் கரிக் கோடு போட்டுச் சமப்படுத்தினால் ஐந்து நிமிட வேலை. விட்டு வைத்தால் ஐந்தாம் படி முழுவதும் திரும்ப வரும்.

கத்திக்கு அடுத்த முறை எட்டாம் படி வரை போக வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பெல்ட்டில் இழுத்து, அது போதாமல் போகும்போது நைஸ் முகத்தில் ஒன்பதாம் படியின் லேசான இழுப்புகள் மட்டும் செய்யுங்கள். பல் விழுந்தாலோ வெள்ளைக் கோடு மறுபடி மினுங்கினாலோ மட்டும் சொரசொரப்பு முகத்தைத் திருப்புங்கள்.